இரண்டு வண்டிகளுக்கு நடுவில் அண்ணன்

“…அதனால ரெண்டு வண்டியும் ஒண்ணாவே போங்க சாமி. பொறுத்துப் போங்கன்னு சொல்றதுக்கு இனிமே இங்க ஆளு இல்லை” என்றார் அண்ணி.

சென்ற ஆண்டு அண்ணனை அடக்கம் செய்துவிட்டுக் கல்லறைத் தோட்டத்து வாசலுக்கு வந்திருந்தோம். செம்மநத்தம் போகும் டவுன் பஸ்கள் இரண்டும், அண்ணன் முகத்தைக் கடைசியாகப் பார்க்க வந்தவை, சாலையில் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. “நாங்க கிளம்பட்டுங்களா அக்கா?” என்று டிரைவர்கள் கேட்டதற்குத்தான் அந்தப் பதில். அது எங்கிருந்து வந்தது என்று தெரியாத உறவினர்களுக்காக எழுதுகிறேன்.

அண்ணன் பிறந்தது கொட்டச்சேட்டில், எஸ்டேட் கூலிகளுக்கான லயன் வீட்டில். தாயும் தந்தையும் காப்பி பறித்து எங்களை மிஷன் பள்ளிக்கு அனுப்பினார்கள். தந்தை மறைந்ததும் அண்ணன் படிப்பை விட்டார், என்னை விடவிடவில்லை. கண்டக்டராகச் சேர்ந்து, எழுபதுகளின் முடிவில் ஏற்காடு பஸ் ஸ்டாண்டில் டைம்கீப்பர் ஆனார்.

இடைவெளி விட்டு வண்டி அனுப்புவது என்ன பெரிய வேலை என்று சேலத்தில் இருப்பவர்களுக்குத் தோன்றலாம். மலையில் பனி இறங்கிவிட்டால் எந்த டிரைவருக்கும் தனியாகப் போக மனம் வராது. “முன்னாடி வண்டியோட சிவப்பு லைட்டைப் புடிச்சுட்டே போனாத்தானுங்க ரோடு தெரியும்” என்பார்கள். அவர்கள் சொல்வதும் நியாயம்தான். ஆனால் அப்படிச் சேர்ந்து போனால் செம்மநத்தத்துச் சனம் அரை நாள் காத்திருந்து இரண்டையும் ஒரே நேரத்தில் பார்க்கும். “அடியே, மாப்ளையும் பொண்ணும் சோடியா வருதுடி, மொய்ப்பணம் எடு!” என்று பெண்கள் கத்துவார்கள். முன்வண்டியில் மூச்சு முட்டும். பின்வண்டியில் சீட்டெல்லாம் தூங்கிக்கொண்டு வரும்.

ஒருநாள் காய்ச்சல் கண்ட பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஒரு தாய் நடந்தே பஸ் ஸ்டாண்டுக்கு வந்து சேர்ந்தார். “ஏனுங்க, வண்டியே இல்லாத ஊருன்னா விடியும்போதே நடந்திருப்பேனுங்க. இருக்குதுன்னு நம்பித்தானே நின்னேன்” என்று அண்ணனிடம் கேட்டார். அன்றிலிருந்து பின்வண்டியை நிறுத்திவைக்காமல் அண்ணன் விட்டதில்லை. திட்டு வாங்கினார், அதிகாரிகளிடம் புகாரும் போனது. ஆனாலும் சில வருடங்கள் அந்த மக்கள் நம்பி நிற்க முடிந்தது.

பிறகு ஒரு வருடம், பின்வண்டிக்கு டிரைவராக அண்ணியின் தம்பி வந்து சேர்ந்தார். ஒருநாள் மதியத்திலேயே பனி மூடியிருந்தது. “மாமா, நொம்ப மூடியிருக்குதுங்க. அவரு பின்னாலயே போயிடறேனே” என்றார்.

“பொறு கண்ணு. அங்க நிக்கிற கூட்டத்துக்கு யாரு பதில் சொல்றது?”

“சரீங்க. ஊட்டுலயும் உங்க சட்டம், ஸ்டாண்டுலயும் உங்க சட்டம்” என்று சிரித்தபடி காத்திருந்து கிளம்பினார். ஒரு வளைவில் வண்டி சாலையை விட்டுக் காப்பித் தோட்டத்துக்குள் இறங்கியது. பயணிகள் காயத்தோடு தப்பினார்கள். தம்பி தப்பவில்லை.

விசாரணையில் அண்ணன்மேல் குறை இல்லை என்றார்கள். அது அவருக்கு எதற்கும் உதவவில்லை. ஏன் நிறுத்தினீர்கள் என்று அண்ணி ஒருநாளும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அண்ணன் அழுதாவது தீர்த்திருப்பார்.

அதன்பிறகு “பொறு” என்ற சொல் அண்ணன் வாயில் வரவில்லை. வண்டிகள் மறுபடியும் சோடி சேர்ந்தன. “என்னுங்க டைம்கீப்பரே, கல்யாணம் திரும்பவும் ஆரம்பிச்சிருச்சுங்களா?” என்று ஜன்னல் வழியாகக் கேட்பார்கள். அண்ணன் தலை குனிந்துகொள்வார். “நிறுத்துனாலும் ஒரு உசுருக்குக் கேடு, உட்டாலும் ஒரு உசுருக்குக் கேடு. நடுவுல நான் எதுக்கும்மா?” என்று என்னிடம் ஒருமுறை கேட்டார்.

படுக்கையில் விழுந்த பிறகு, சாலையில் ஒரு வண்டி போனால் காதைத் தீட்டிக்கொள்வார். பின்னாலேயே அடுத்ததும் போனால் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வார். கடைசி நாள்வரை அப்படித்தான். ஆறுதலாக எழுத எனக்கும் ஆசைதான். இல்லாததை எப்படி எழுதுவேன்?

அண்ணனைத் தூக்கிக் குளிப்பாட்டிய அண்டை வீட்டாருக்கும், மழையில் குழி வெட்டிய எஸ்டேட் சகோதரர்களுக்கும், ஜெபித்த உபதேசியாருக்கும், எங்களுக்குச் சோறு பொங்கிப் போட்ட கைகளுக்கும் நாங்கள் கடன்பட்டவர்கள். வந்து நின்ற இரு டிரைவர்களுக்கும்தான்.

அன்று கல்லறை வாசலில், அண்ணி சொன்னபடியே முன்வண்டி கிளம்பியது. ஒட்டியே போகப் பின்வண்டியும் இஞ்சினைப் போட்டது. எங்களோடு நின்றிருந்த அண்ணி விறுவிறுவென்று நடந்துபோய் அதன் முன்னால் நின்றார். “அக்கா, தள்ளி நில்லுங்க” என்று டிரைவர் கெஞ்சினார். அண்ணி இரண்டு கைகளையும் வண்டியின் முகப்பில் ஊன்றி, நெற்றியை அதில் சாய்த்துக்கொண்டு, முன்வண்டியின் சத்தம் தேய்ந்து மறையும்வரை அசையாமல் நின்றார்.