நோன்பு மாதத்துப் பகல் சோறு

எங்கள் கரையில் மனசு திறந்த மனிசர் இரண்டே இரண்டு பேர்தான் என்று நானும் என் சிநேகிதனும் இருபத்தைந்து வயதில் முடிவுகட்டியிருந்தோம். ஒன்று நான், மற்றது அவன். பள்ளிவாசலுக்குப் போகிற சனம், கோயிலுக்குப் போகிற சனம், மாதா கோயிலுக்குப் போகிற சனம், அவ்வளவு பேரும் பூட்டுப்போட்ட பெட்டிகள். எங்களுக்குக் கடவுள் இல்லை, ஆகவே எங்கள் மனசுக்குப் பூட்டும் இல்லை. இப்போது நினைத்தால் செருப்பைக் கழற்றி அடிக்கத் தோன்றுகிறது. யாரை என்று கேட்காதீர்கள்.

எழுபதுகளின் கடைசி. கிழக்கிலங்கைக் கரையில், கல்முனையில் ஓர் அரசாங்கக் கந்தோரில் இருவருக்கும் கிளாக்கர் வேலை, பக்கத்துப் பக்கத்து மேசை. நான் சோனக முஸ்லிம், அவன் கத்தோலிக்கத் தமிழன். நான் வாப்பா மவுத்தான வருஷம் தொழுகையை விட்டேன். அவன் எப்போது விட்டான் என்று அவனுக்கே நினைவில்லை. ஒரு நாள் தேத்தண்ணி குடிக்கும்போது இரண்டு பேரும் ஒருவரையொருவர் கண்டுபிடித்தோம். சந்தையில் தொலைந்த இரண்டு பிள்ளைகள் கையைப் பிடித்துக்கொண்ட மாதிரித்தான் அது.

நோன்பு மாதத்தில் எங்கள் பக்கம் பகலில் பச்சைத் தண்ணீர் கிடைக்காது. திறந்திருக்கிற ஒன்றிரண்டு தேத்தண்ணிக் கடைகளுக்கும் சாக்குத் திரை தொங்கும். திரைக்குக் கீழே கால் தெரியும். காலை மட்டும் பார்த்தே அது இன்னாருடைய மகன் என்று சொல்லிவிடுவார்கள் எங்கள் ஆட்கள், அப்படிப்பட்ட கெட்டிக்காரர்கள். அதனால் அந்த மாதம் முழுக்க எனக்குப் பகல் சோறு அவன் வீட்டில். மத்தியான இடைவேளைக்குக் கந்தோர் விட்டதும் இரண்டு சைக்கிளும் தமிழ்ப் பக்கம் திரும்பும். தவக்காலம் வந்தால் மாறி நடக்கும். அவர்கள் வீட்டில் நாற்பது நாளும் மச்சம் வேகாது, மீன் இறைச்சி ஒன்றும் இல்லை. அப்போது அவன் எங்கள் வீட்டுக்கு மாட்டிறைச்சி தின்ன வருவான்.

"ஒருத்தன்ர வேதத்தை மற்றவன்ர சட்டியில முறிக்கிறம் மச்சான்" என்பான். விழுந்து விழுந்து சிரிப்போம்.

என் உம்மாவுக்கு அது தவக்காலம் என்றெல்லாம் தெரியாது. பசித்து வந்த பிள்ளை என்றுதான் தெரியும். அவன் கோப்பையில் இறைச்சியை அள்ளி அள்ளி வைப்பா. அவனுடைய பெண்சாதிக்கு எங்கள் நோன்பு நன்றாகவே தெரியும். தெரிந்தும் ஒரு நாள் முகம் சுழித்ததில்லை. எங்கள் பக்கத்து வழக்கப்படி அண்ணன் முறை வைத்து என்னைக் காக்கா என்று கூப்பிட்டு, "காக்கா, இன்னும் கொஞ்சம் போடட்டா?" என்பாள். பூட்டுப்போட்ட பெட்டி என்று நான் சொன்னேனே, அதில் இவளும் சேர்த்தி. அந்த வயதில் எனக்கு அது உறைக்கவில்லை.

ஊரில் எனக்கு வேறு யாரும் இல்லை. எங்கள் ஊர்களில் பெண் வீட்டார்தான் வீடும் வளவும் கொடுத்து மாப்பிள்ளை எடுப்பார்கள். அரசாங்க உத்தியோகம் என்று கேட்டு மூன்று இடத்திலிருந்து வந்தார்கள், வந்த வேகத்தில் திரும்பினார்கள். "பள்ளிக்குத் தொழப் போகாத ஒருத்தனுக்கா எங்கட பொண்ணையும் வளவையும் குடுக்கிற?" என்று ஒருவர் உம்மாவிடம் முகத்துக்கு நேரே கேட்டார். கூடப் படித்தவர்கள் சலாம் சொல்லிவிட்டு அடுத்த சொல்லுக்கு நிற்கமாட்டார்கள். ஆக, அவன் ஒருத்தன்தான் எனக்கு. அவனும் போனால் இந்தக் கரையில் வாய் திறந்து கதைக்க எனக்கு ஓர் ஆள் கிடையாது. தெரிந்துதான் இருந்தேன்.

அவனுடைய மகளுக்கு மூன்று வயதில் மூச்சு முட்டுகிற வருத்தம் வந்தது. பெரியாஸ்பத்திரி, நாட்டு மருந்து, எல்லாம் பார்த்தாயிற்று. ஒரு தவக்காலம் தொடங்கிய கிழமை அவன் என் மேசையில் சாய்ந்துகொண்டு சொன்னான், "நாப்பது நாளைக்கு எனக்கு மச்சம் இல்ல மச்சான்."

நான் பகிடி என்றுதான் நினைத்தேன்.

"தாயும் தகப்பனும் ரெண்டு பேரும் மச்சம் தொடாம இருக்கிறதெண்டு மனிசி நேர்த்தி வெச்சிருக்கிறாள். பிள்ளைக்குச் சுகம் வரவேணுமாம்."

"நீ நம்புறியா?"

"இல்ல. அவள் நம்புறாள். நான் தின்னாட்டி எனக்கு என்ன குறைஞ்சுபோகும்?"

பதில் இல்லாதவன் செய்கிற வேலையைச் செய்தேன், நக்கலடித்தேன். "இண்டைக்கு மச்சம், நாளைக்கு மெழுகுதிரி, நாளையிண்டைக்கு முழங்கால்" என்றேன். ஒரு கிழமை விடவில்லை. கந்தோருக்குள் அவன் நுழைந்தால் "வாங்க ஃபாதர்" என்பேன். அவன் சிரிப்பான், சிரித்துவிட்டுத் தன் வேலையைப் பார்ப்பான். அதுதான் எனக்கு இன்னும் பற்றி எரிந்தது. அவன் சண்டை பிடித்திருந்தால் ஒருவேளை அத்தோடு விட்டிருப்பேன். உள்ளுக்குள் எனக்குப் பயம், வெளியே சொல்லவா முடியும்? இவனும் அந்தப் பக்கம் போகிறான், நான் தனிச்சுப்போகப் போகிறேன் என்ற பயம்.

எங்கள் வீடுகளில் பிஞ்சுப் பலாக்காயை இறைச்சியோடு சேர்த்து ஆக்குவார்கள். சரக்குத் தூள் போட்டு வற்ற வைத்தால் எது பலாக்காய், எது இறைச்சி என்று கண்ணுக்குப் பிடிபடாது. ஒரு நாள் உம்மா அந்தக் கறியை ஆக்கி வைத்துவிட்டுக் கலியாண வீடொன்றுக்குப் போயிருந்தா. நான் அவனைக் கூப்பிட்டேன். "மரக்கறிச் சாப்பாடுதான், வா. உம்மா உனக்கெண்டே பலாக்காய் ஆக்கியிருக்கா." பெரிய துண்டுகளைப் பொறுக்கிச் சட்டியிலேயே விட்டுவிட்டு, பலாக்காயோடு சின்னச் சின்ன இறைச்சித் துண்டுகளைக் கலந்து அவன் சோற்றில் போட்டேன்.

ஒரு வாய் வைத்துவிட்டு நிமிர்ந்தான். "இறைச்சி மணக்குதே?"

"இறைச்சிக்குப் போடுற சரக்குத்தான் போட்டது. தின்."

தின்றான். நான் சொன்னால் அவன் நம்புவான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கலாமா என்பார்கள். மாட்டிறைச்சியைப் பலாக்காய்க்குள் தாராளமாக மறைக்கலாம், தின்கிறவன் உன்னை நம்பினால் போதும். அவன் கோப்பையை வழித்து முடித்த பிறகு நான் சட்டியை எடுத்துவந்து மூடியைத் திறந்து காட்டினேன்.

"பார்த்தியா? வானம் இடிஞ்சு விழுந்துட்டா?"

அவன் சட்டியைப் பார்த்தான். எழும்பிப் போய்க் கிணற்றடியில் கை கழுவினான். கனநேரம் கழுவினான். சைக்கிளை எடுத்துக்கொண்டு படலையடியில் நின்று, "உம்மாட்டச் சொல்லு, கறி நல்லம் எண்டு" என்றான். போய்விட்டான்.

அந்தக் கிழமையே பிள்ளைக்கு வருத்தம் முற்றி ஆஸ்பத்திரியில் வைத்தார்கள். கறிக்கும் மூச்சுக்கும் என்ன சம்பந்தம்? ஒரு மண்ணாங்கட்டியும் இல்லை. எனக்குத் தெரியாதா? தெரிந்த நான்தான் ஆஸ்பத்திரி விறாந்தையில் மூன்று நாள் நின்றேன். உள்ளே போக முகமில்லை. "யா அல்லாஹ்" என்று வாய் தானாகச் சொன்னது, பழகின வாய். நாலாம் நாள் பிள்ளை தாயின் தோளில் சாய்ந்தபடி வெளியே வந்து என்னைப் பார்த்துக் கையாட்டியது. நான் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போய் நின்று அழுதேன்.

கந்தோரில் அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். அவன் பேனையைக் கீழே வைக்காமலே சொன்னான், "எனக்கு நீ ஒண்டும் செய்யல்ல. நேர்த்தி அவள்ர. நான் அவளிட்டச் சொல்லல்ல, சொல்ல என்னால ஏலாது. கேக்கிறதெண்டா அவளிட்டப் போய்க் கேள்."

போகவில்லை. இன்றைக்கு, நாளைக்கு என்று தள்ளித் தள்ளி, ஒரு மாதமாகி, மூன்று மாதமாகி, கச்சான் காற்று வீசத் தொடங்கி நோன்பும் வந்துவிட்டது. முதல் நோன்பன்று மத்தியானம் அவன் மேசை லாச்சியைத் திறந்து ஒரு சோற்றுப் பார்சலை எடுத்தான். "நான் இஞ்ச தின்னுறன். உனக்கு வீட்ட சோறு இருக்கு, சொல்லியிருக்கு. போ."

சொல்லிவிடுவது என்று முடிவு செய்துகொண்டுதான் சைக்கிளை மிதித்தேன். வழி நெடுக வசனத்தைப் பாடமாக்கினேன். அவள் வழக்கம்போல் கோப்பையைக் கழுவி வைத்து, சோறு போட்டு, மீன் குழம்பு ஊற்றினாள். பிள்ளை வாசலில் கோழியைத் துரத்திக்கொண்டு ஓடியது. மூச்சு வாங்கவில்லை.

"பாருங்க காக்கா, இப்ப எப்படி ஓடுறாள்" என்றாள். "எல்லாம் நேர்த்திதான். எனக்கு இதில பெரிய சந்தோசம் என்ன தெரியுமா? அவருக்குக் கடவுள் இல்ல. எண்டாலும் எனக்காக நாப்பது நாளும் ஒரு துண்டு மச்சம் தொடல்ல. நம்பிறவங்க செய்யிறது பெரிசில்ல, காக்கா. நம்பாமச் செய்தாரே!" எனக்கு இன்னும் கொஞ்சம் சோறு போட்டுவிட்டு, "நீங்களும் அப்படித்தான். உங்க ரெண்டு பேருக்கும் நல்ல மனசு" என்றாள்.

பாடமாக்கிய வசனத்தை விட்டுவிட்டுச் சோற்றைப் பிசைந்தேன். சொன்னால் என்ன ஆகும்? என் பாரம் இறங்கும். அவள் புருஷனைப்பற்றிப் பெருமைப்பட வைத்திருந்த ஒன்று போகும். பிள்ளைக்கு நாளை ஒரு தும்மல் வந்தாலும் இதனால்தான் என்று நெஞ்சில் அடித்துக்கொள்வாள். சொல்லாமல் விட்டது அவளுக்காகவா, என் கோழைத்தனத்துக்காகவா என்று இன்றுவரை எனக்குத் தெளிவில்லை. சோற்றைத் தின்றேன். "போயிட்டு வாறன் தங்கச்சி" என்றேன்.

கந்தோரில் அவன் கேட்டான். "சொன்னியா?"

"இல்ல."

அவன் பேனையை எடுத்தான். அடுத்த நாள் மத்தியானமும் "சோறு இருக்கு, போ" என்றான். நான் போகவில்லை. அந்த வீட்டில் இன்னொரு வாய் தின்ன என்னால் முடியாது. சாக்குத் திரைக்குப் பின்னால் போய்க் காலைக் காட்டிக்கொண்டு நிற்கவும் மனசில்லை. பேசாமல் மேசையிலேயே இருந்தேன். அடுத்த நாளும் இருந்தேன். அப்படியே ஒவ்வொரு நாளும் போனது.

முந்தி உம்மாவின் மனசு நோகக்கூடாது என்று விடியுமுன் சஹர் சோறும் தின்று பகல் சோறும் தின்கிற ஆள் நான், இரட்டைத் தீனி. அந்த வருஷம் பொழுதுபட்டு மஃரிபுக்குப் பாங்கு சொன்னதும் நான் தண்ணீரைக் குடித்த விதத்தை உம்மா பார்த்துக்கொண்டே இருந்தா. "நோன்பு புடிச்சவன்ட தாகம் எனக்குத் தெரியாதா மகன்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டா. பக்கத்து வீட்டுக்கெல்லாம் சொல்லிவிட்டா. பள்ளிவாசலில் இருந்து வந்தவர்கள் என் கையை இரண்டு கையாலும் பிடித்துக் குலுக்கினார்கள். ஏன், எதற்கு என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாயிருந்திருக்கும். திடீரென்று ஊர் முழுக்க எனக்கு ஆள் இருந்தது, ஒரு சொல் மனசு விட்டுக் கதைக்க ஆள் இருக்கவில்லை.

ஏழாம் நோன்போ எட்டாம் நோன்போ. முஸ்லிம் ஆட்கள் தொழப் போய்விட்டார்கள், தமிழ் ஆட்கள் சாப்பிட வீட்டுக்குப் போய்விட்டார்கள். கந்தோரில் நாங்கள் இரண்டு பேர்தான். அவன் பார்சலைப் பிரித்துவிட்டு என் வெடித்த உதட்டைப் பார்த்தான்.

"நோன்பா?"

"ஓம்."

"நம்பிக்கை வந்திட்டுதோ?"

"இல்ல."

இனிச் சிரிப்பான், எனக்கு வேண்டியதுதான் என்று காத்திருந்தேன். ஃபாதர் என்று நான் கூப்பிட்டதற்கு அவன் என்னை லெப்பை என்று கூப்பிட்டிருக்கலாம். அவன் பார்சலை மடித்துக் கட்டி லாச்சிக்குள் வைத்து மூடினான்.

"தின்னன்" என்றேன்.

"பிறகு தின்னுறன்" என்றான்.

வெளியே கச்சான் புழுதியை வாரி அடித்துக்கொண்டிருந்தது. கந்தோர் மூடும்வரை கடவுள் இல்லாத நாங்கள் இரண்டு பேரும் பட்டினி கிடந்தோம். ஒருத்தரோடொருத்தர் ஒரு சொல்லும் கதைக்கவில்லை.