பதின்மூன்று செவ்வாயும் ஒரு பொல்லாத வேண்டுதலும்

பக்கத்து வீட்டு லாசர் குடியை விட்ட நாளிலிருந்துதான் எனக்கு நிம்மதி போயிற்று. சிரிக்காதீர்கள், சகோதரிகளே. சர்வேசுரன் எனக்குச் செய்த உபகாரத்தைச் சொல்ல வேண்டுமானால், முதலில் என் வயிற்றெரிச்சலைச் சொல்லியாக வேண்டும்.

யுத்தம் முடிந்த மறு வருஷம். மயிலாப்பூரில் கோயிலுக்குப் பின்னால் ஒரே முற்றத்தில் ஆறு குடித்தனம் இருந்தோம். என் வீட்டுக்காரர் சவரிமுத்து ட்ராம் ஓட்டுகிறவர். லாசர் கொத்தனார். இரண்டு பேரும் சேர்ந்தே சாராயக்கடைக்குப் போவார்கள், சேர்ந்தே விழுந்து கிடப்பார்கள். நானும் லாசர் பெண்சாதி சூசைமேரியும் சேர்ந்தே அழுவோம். அந்தத் தவக்காலத்தில் லாசர் திடீரென்று நிறுத்திவிட்டார். என் வீட்டுக்காரரோ நடுங்குகிற கையோடு வண்டி ஓட்டி, ஒரு பெரியவர் மேல் ஏற்றப் பார்த்தார். மழைக்காலத்துக்குள் தெளிந்து வா, இல்லாவிட்டால் வேலை இல்லை என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

சூசைமேரி வீட்டில் தாளிக்கிற சத்தம் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். புருஷனும் பெண்சாதியும் பேசிச் சிரித்துக்கொண்டு சாப்பிடுவார்கள். நான் சுவரோடு காதை வைத்துக் கேட்பேன். வெட்கத்தை விட்டு ஒரு நாள் அவளைக் கேட்டேன், எந்தப் புனிதருக்கு நேர்ந்துகொண்டாய் என்று. "ஒண்ணும் இல்லக்கா, அவரே உட்டுட்டாரு" என்றாள், முகத்தைத் திருப்பிக்கொண்டு.

பொய் என்று தெரிந்தது. செவ்வாய்க்கிழமை ஆறு மணி ஆனால் இருவரும் கோயில் பக்கம் போவதைப் பார்த்துக்கொண்டுதானே இருந்தேன்? செவ்வாய் என்றால் நமக்கு அந்தோனியார்தான். பதின்மூன்று செவ்வாய் நேர்ச்சை வைத்துக்கொண்டு என்னிடம் மறைக்கிறாள், கள்ளி, என்று முடிவு கட்டினேன். நானும் தொடங்கினேன். அவள் ஒரு சாண் மெழுகுவர்த்தி ஏற்றினால் நான் ஒரு முழம் ஏற்றினேன். அவள் ஏழைகளுக்கு ஆறு ரொட்டி கொடுத்தால் நான் பன்னிரண்டு கொடுத்தேன். இங்கே என் வீட்டுக்காரர் குடித்துக்கொண்டேதான் இருந்தார்.

ஏழாம் செவ்வாய் அந்தோனியார் சுரூபத்தின் முன் முழங்காலில் நின்று, "எனக்குத் தர மாட்டீரென்றால் அவளுக்குத் தந்ததையும் எடுத்துக்கொள்ளும்" என்று வேண்டினேன். வாய்விட்டே வேண்டினேன். இதைச் சொல்ல இன்றைக்கும் நாக்கு கூசுகிறது.

அடுத்த ஞாயிறு லாசர் ஒரு ஞானஸ்நான விருந்துக்குப் போனார். மத்தியானம் மூன்று மணிக்குத் தள்ளாடிக்கொண்டு வந்து முற்றத்தில் குப்புற விழுந்தார். சூசைமேரி தலையில் அடித்துக்கொண்டு தெருவுக்கு ஓடினாள். எனக்கு உள்ளே ஒரு சந்தோஷம் வந்தது. அம்மாடி, மனுஷிதானா நான்? அடுத்த நிமிஷமே என் வேண்டுதல் நினைவுக்கு வந்து, சிலுவை போட்டுக்கொண்டேன்.

போனவள் நான்கு ஆண்களோடு திரும்பி வந்தாள். யாரும் லாசரைத் திட்டவில்லை. முகத்தைக் கழுவி, பாயில் கிடத்தி, சுற்றி உட்கார்ந்துகொண்டார்கள். அதில் ஒருவர், அச்சாபீஸில் வேலை செய்கிறவர், எங்களிடம் வெந்நீர் கேட்டு வந்தார். உள்ளே கிடந்த என் வீட்டுக்காரரைப் பார்த்தார். நேரே போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"நான் உட்டு அம்பது நாள் ஆவுது நைனா. இன்னும் கை நடுங்கிக்கினுதான் கீது. செவ்வாக்கெழம ஆறு மணிக்கு வந்து இட்டுக்கினு போறேன்."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அவர்கள் போனது நேர்ச்சைக்கு அல்ல; புருஷன் வெளியே வரும்வரை காத்திருந்த நேரத்தில்தான் சூசைமேரி மெழுகுவர்த்தி ஏற்றியிருக்கிறாள். கோயில் பள்ளிக்கூடத்தில் ஓர் அறை. குடியை விட நினைக்கிற ஆண்கள் செவ்வாய்தோறும் அங்கே கூடி, ஒருவர் பின் ஒருவராகத் தங்கள் கதையைச் சொல்வார்கள். யார் வந்தார், என்ன சொன்னார் என்று வெளியே பேசக்கூடாது என்பது சத்தியம். அந்தச் சத்தியத்துக்காகத்தான் அவள் வாய் திறக்கவில்லை. அறைக்குப் பக்கத்துக் கோயிலில் நான் மெழுகுவர்த்தி அளந்துகொண்டிருந்திருக்கிறேன்!

சொன்னபடி அவர் வந்தார். என் வீட்டுக்காரர் முனகிக்கொண்டே போனார். அடுத்த செவ்வாயும் போனார். நடுவில் இரண்டு தடவை விழுந்தார். இரண்டு தடவையும் அந்த ஆண்கள் வந்து உட்கார்ந்தார்கள். நான்காம் வாரம் திரும்பி வந்து, "நம்ம கொயந்த செத்தத அங்க சொன்னேன்மே" என்றார். ஆறு வருஷம் என்னிடம் பேசாத பேச்சு! முன்பின் தெரியாத ஆண்களிடம் சொல்லியிருக்கிறார். அதற்கும் பொறாமைப்பட்டேன், மறைப்பானேன்? சண்டைக்கே போனேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, குழந்தையின் பெயரைச் சொல்லி அழுதார். நானும் அழுதேன்.

மழைக்கு முன்பே ட்ராமில் ஏறிவிட்டார். இரண்டு வருஷம் ஆகிறது, தொடவில்லை. சர்வேசுரனுக்குத் தோத்திரம்.

ஆனாலும் என் பொல்லாத வேண்டுதல் நெஞ்சில் முள்ளாகவே கிடந்தது. சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லியும் ஆறவில்லை. போன மாதம் குழாயடியில் சூசைமேரியிடமே சொல்லிவிட்டேன். குடத்தால் அடிப்பாள் என்று நினைத்தேன். அவள் குடத்தைக் கீழே வைத்தாள்.

"அன்னிக்கு இவரு வியுந்தப்போ, நான் மொதல்ல இன்னா பாத்தேன் தெரியுமாக்கா? உன் வூட்டுக்காரரும் உள்ள கெடக்குறாரான்னு பாத்தேன். கெடந்தாரு. அப்பாடான்னு இருந்துச்சு."

இப்படிப்பட்ட எங்கள் இரண்டு பேரையும்தான் ஆண்டவர் இரக்கமாய்ப் பார்த்தார். உங்களில் எவளாவது வயிறு எரிந்துகொண்டு இதைக் கேட்டால், அந்த எரிச்சலோடேயே அவரிடம் போங்கள். சுத்தமான மனசு வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். செவ்வாய்க்கிழமை உங்கள் வீட்டுக்காரரை அனுப்புங்கள். வாசலில் நானும் சூசைமேரியும் உட்கார்ந்திருப்போம்.