குதிரைக்காரனின் இரண்டு முடிவுகள்

பழைய கௌபாய் படங்களைத் திரும்பவும் எடுக்கலாமா, கூடாதா என்று என் மகனும் அவனுடைய கூட்டாளிமாரும் எங்கள் வாசலில் இருந்து தர்க்கம் பண்ணுவார்கள். நல்ல படத்தைத் தொடக் கூடாது என்பான் ஒருவன். தொட்டால் என்ன, பழசு அழிந்தா போய்விடும் என்பான் இன்னொருவன். நான் அந்தப் பேச்சில் கலந்துகொள்வதில்லை. ஐந்தாம் வகுப்போடு நின்ற ஆளுக்கு இதில் என்ன தெரியும் என்று நினைப்பார்கள். நினைக்கட்டும். பத்து வயதில் இதே வழக்கில் ஒரு பக்கம் சேர்ந்து மூர்க்கமாக நின்றவன் நான் என்பது அவர்களுக்குத் தெரியாது.

எண்பதுகளின் தொடக்கம். மருதமுனையில் எங்கள் வீட்டை ஒட்டித் தறிக்கொட்டில் இருந்தது. என் அக்கா ராத்தாவும், சின்னம்மாவான சாச்சியின் மகள்மார் இருவரும் அதில் சாரமும் சேலையும் நெய்வார்கள். மூவரும் கல்யாணம் ஆகாத குமர்ப் பிள்ளைகள். பகலில் றோட்டுக்கு வருவதே அபூர்வம். தியேட்டர் வாசலை அவர்கள் கண்டதில்லை. எனக்கு அந்தத் தடை இல்லை. நெய்த துணியைக் கல்முனைக் கடைகளுக்குக் கொண்டுபோகும் மாமா என்னையும் கூட்டிப் போவார். கடைக்காரர்களோடு அவர் பேரம் பேசும்போது நான் நடுவில் தொணதொணப்பேன். அதனால் பகல் காட்சிக்கு என்னைத் தியேட்டருக்குள் தள்ளிவிட்டு, முடிந்ததும் வந்து பொறுக்கிக்கொள்வார். வீட்டுக்கு வந்து நான் சொல்வதுதான் ராத்தாமாருக்குப் படம்.

நான் சொன்ன படங்களிலே அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்டது ஒரு கௌபாய் படம். தண்ணீரில்லாமல் காய்ந்து கிடக்கும் ஓர் ஊருக்குக் கறுப்புக் குதிரையில் ஒருவன் வருகிறான். ஆற்றை மறித்து வைத்திருக்கும் பணக்காரனோடு மோதுகிறான். அணையை உடைத்துத் தண்ணீரை விடுகிறான். அவனுக்குச் சோறு போட்ட ஒரு விதவைப் பெண் வாசலில் நிற்க, குதிரையில் ஏறிப் போய்விடுகிறான். இவ்வளவுதான் படம். இங்கிலீசு எனக்கு ஒரு சொல்லும் தெரியாது. விளங்காத இடங்களை எங்கள் ஊரில் கண்டதைக் கொண்டு நிரப்பினேன். பணக்காரன் என் வாயில், ஊர் வயலெல்லாம் வைத்திருக்கும் போடியார் ஆனான். நெஞ்சில் நட்சத்திரம் குத்தியிருந்தவன், வயலுக்குத் தண்ணீர் பங்கிடும் வட்டவிதானை ஆனான்.

"ஆத்த மறிக்கக்குள்ள வட்டவிதான பாத்துக்கிட்டா இரிந்தான்?" என்பாள் சாச்சியின் மூத்த மகள்.

"வட்டவிதான போடிட ஆள்."

"ஓம் ஓம், அங்கயும் அப்பிடித்தானா?"

துவக்குச் சண்டை வந்ததும் மூன்று தறியும் நின்றுவிடும். உம்மா குசினியில் சமைத்துக்கொண்டே சத்தம் போடுவா. "என்னகா புள்ளைகள், தறிச் சத்தத்தக் காணல்ல? துவக்கு வெடிச்சிட்டோ?"

ராத்தா கேள்வி கேட்க மாட்டா. அவவுக்கு முடிவுதான் வேண்டும். குதிரை எறும்பளவு சிறிதாகிப் போவதை நான் குரலைத் தாழ்த்திச் சொல்லும்போது, கையில் பிடித்த நூலை விடாமல் ஒரு பெருமூச்சு விடுவா. அந்தப் பெருமூச்சு எனக்கு மட்டுமே சொந்தம் என்று நினைத்திருந்தேன்.

அப்போதுதான் ராத்தாவுக்குக் கல்யாணம் நடந்தது. எங்கள் பக்கத்தில் பெண் புருஷன் வீட்டுக்குப் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். வீடும் பெண்ணுக்குத்தான். ராத்தா எங்கும் போகமாட்டா என்று நான் சந்தோஷப்பட்டிருந்தேன். கடைசியில் போனது நாங்கள்தான். வாப்பாவும் உம்மாவும் நானும் குசினியோடு சேர்த்துக் கட்டிய அறைக்கு மாறினோம். நான் படுத்த இடத்தில் ராத்தாவின் மாப்பிள்ளையான மச்சானுடைய தோல் பெட்டி இருந்தது. கோழிக்காலும் அவித்த முட்டையும் அவருக்குப் போயின. அவர் சம்மாந்துறைக்காரர், கொழும்பில் கடையில் நின்றவர், அதிகம் கதைக்காதவர். ராத்தாவும் மற்றவர்கள் முன்னால் அவரோடு ஒரு வார்த்தை பேசியதை நான் காணவில்லை. அது ஒன்றுதான் எனக்கு ஆறுதல்.

சாச்சியின் மகள்மார் அவர் முன்னால் வரமாட்டார்கள். அவர் வீட்டில் நிற்கும்போது கொட்டிலுக்கும் வாசலுக்கும் நடுவில் தென்னோலை முடைந்த ஒரு கிடுகுத் தட்டி நிற்கும். தட்டிக்கு இரண்டு பக்கமும் போய்வரக்கூடிய ஆண் நான் மட்டும்தான். அதில் எனக்குப் பெரிய கெத்து.

ஒரு நாள் பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு அந்தக் கௌபாய் படத்தைச் சொல்லிக்கொண்டிருந்தேன். குதிரைக்காரன் போகிற இடம். தட்டிக்கு அந்தப் பக்கம் மச்சானின் இருமல் கேட்டது. என்னை அவர் சின்ன மச்சான் என்றுதான் கூப்பிடுவார்.

"சின்ன மச்சான், அந்தப் படம் அப்பிடி முடியிறல்லயே."

தறிகள் நின்றன.

"நான் என்ட கண்ணால பாத்த" என்றேன்.

"நீ பாத்தது புதுசு. கலர்ப் படம்தானே? அதுக்கு முந்திக் கறுப்பு வெள்ளையில ஒரு படம் இரிக்கி. அதத்தான் திரும்ப எடுத்திரிக்கானுகள். எடுக்கக்குள்ள முடிவக் கெடுத்துப் போட்டானுகள்."

சாச்சியின் இளைய மகள் தட்டியைப் பார்த்துக் கேட்டாள். "எடுத்த படத்த என்னத்துக்கு மச்சான் திரும்ப எடுக்கிற?"

"நீங்க ஒரே பாவில நிறத்த மாத்தி மாத்தி நெய்யிறல்லயா? அப்பிடித்தான்."

"அப்ப பழைய படத்தில அவன் போறல்லயா?" மூத்தவள் பொறுமையிழந்தாள்.

மச்சான் மெதுவாகச் சொன்னார். அந்த ஊர்ச் சனம் நன்றி சொல்லி வழியனுப்ப வருகிறது. அவனும் குதிரையில் ஏறிவிடுகிறான். ஊர் எல்லை வரைக்கும் போகிறான். உடைத்து விட்ட தண்ணீர் அங்கே வாய்க்காலில் வந்து சேர்ந்திருக்கிறது. குதிரை தண்ணீர் குடிக்கிறது. குடித்து முடிந்ததும் அது முன்னால் போக மறுத்துத் திரும்பி நடக்கிறது. அவனும் கடிவாளத்தை இழுக்கவில்லை. அந்தப் பெண்ணின் வளவுக்குள் வந்து, கொய்யா மரத்தில் குதிரையைக் கட்டிவிட்டு, செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போகிறான்.

"அல்லாஹ்வே, அவனும் வீட்டோட மாப்பிளையாப் போயிட்டானே!" என்று மூத்தவள் கத்த, இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

நான் ராத்தாவைப் பார்த்தேன். அவ சிரிக்கவில்லை. பெருமூச்சும் விடவில்லை. முகத்தைத் தறிப் பக்கம் திருப்பிக்கொண்டா. காது மட்டும் சிவந்திருந்தது. என் படத்துக்கு ஒரு நாளும் அந்தக் காது சிவந்ததில்லை.

மறுநாள் என்னை யாரும் படம் சொல்லக் கூப்பிடவில்லை. "மச்சான், பழைய படம்" என்று தட்டியைப் பார்த்துத்தான் கேட்டார்கள். அதற்கடுத்த நாளும் அதுதான். மச்சானுடைய குதிரைக்காரன் ஒவ்வொரு நாளும் திரும்பி வந்தான். என்னுடையவன் போனவன் போனவன்தான், அவனைப் பற்றிக் கேட்க ஆளில்லை. எனக்கு நெஞ்செல்லாம் காந்தியது. பள்ளிவாசலில் தொழுது துஆக் கேட்கும்போதுகூட மச்சான் சீக்கிரம் சவூதிக்குப் போய்விட வேண்டும் என்று கேட்டேன். அது வீண் துஆ இல்லை. வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் கொழும்பு ஏஜென்சியிலிருந்து அவருக்குக் கடிதம் வந்திருந்தது. வாப்பாவும் மாமாவும் மச்சானும் விறாந்தையில் இருந்து அவர் போகிற நாளைப் பேசிக்கொண்டிருந்தார்கள். ராத்தாவிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. எனக்கும் அப்படிக் கேட்க வேண்டும் என்று தோன்றவில்லை.

அந்தக் கிழமை மாமாவோடு கல்முனைக்குப் போனபோது தியேட்டருக்குள் போகாமல், வாசலில் டிக்கட் கிழிப்பவரிடம் போனேன். கூச்சம் பிடித்த பிள்ளை நான். பொறாமைதான் என்னை அவ்வளவு தூரம் தள்ளிக்கொண்டு போயிருக்க வேண்டும். அவர் தலையில் மயிர் நரைக்க நரைக்க அந்த வாசலிலேயே நின்றவர், ஓடிய படமெல்லாம் பார்த்தவர். கறுப்புக் குதிரைப் படத்துக்கு முந்தி ஒரு பழைய படம் உண்டா என்று கேட்டேன்.

"ஆருடா மனே சொன்ன? அப்பிடி ஒரு படமும் இல்ல. அது ஒண்டுதான்."

பாண்டிருப்பு வழியாக வீட்டுக்கு வரும்வரை மாமாவின் சைக்கிளில் நான் பறந்துகொண்டுதான் வந்தேன். தட்டிக்கு இரண்டு பக்கமும் ஆள் சேரும் வரை காத்திருந்து, நடுவில் நின்று சொன்னேன்.

"மச்சான் சொன்னது பொய். பழைய படமே இல்ல. தியேட்டர்ல கேட்டுட்டு வந்த. குதிரக்காரன் போறான். போனா போனதுதான்."

 தட்டிக்கு அந்தப் பக்கம் மச்சான் சிரித்தார்.

"ஓம் சின்ன மச்சான். நான் அப்பிடிப் படம் பாக்கல்ல."

"அப்ப அந்த முடிவு?" என்றாள் மூத்தவள்.

"அது நான் எடுத்த."

அவர் அவமானப்படுவார் என்று எதிர்பார்த்தேன். "அப்ப அது எங்கட மச்சான்ட படம்!" என்று இளையவள் கைதட்டினாள். மூத்தவள் என்னை ஏளனமாகப் பார்த்தாள். "நீ மட்டும் என்ன, வட்டவிதானைய அமெரிக்காவுக்குக் கூட்டிப் போனவன்தானே!"

எனக்கு அழுகை முட்டியது. அந்த நேரத்தில்தான் ராத்தா பேசினா. எங்கள் எல்லாரும் கேட்க, மச்சானோடு அவ பேசிய முதல் பேச்சு அது. தட்டியைப் பார்க்காமல், நூலைப் பார்த்துக்கொண்டு, சின்னக் குரலில் சொன்னா.

"முடிவ மாத்திராதீங்க."

தட்டிக்கு அந்தப் பக்கம் பதில் வரவில்லை. மச்சானுக்குச் சொல்ல ஒன்றும் இல்லாமல் போயிற்று என்று நான் உள்ளுக்குள் சந்தோஷப்பட்டேன். ஒரு படத்துக்காக ராத்தா ஏன் இப்படிக் கெஞ்ச வேண்டும் என்ற கோபம் அதற்கு மேல்.

இரண்டு கிழமைக்குள் என் துஆ கபூலாயிற்று. மச்சான் சவூதிக்கு வெளிக்கிட்டார். விடியச் சுபஹுத் தொழுகை முடிந்து ஆண்கள் எல்லாரும் பஸ் வரும் மெயின் றோட்டுக்குப் போனோம். பெண்கள் வாசல் படலையோடு நின்றுவிட்டார்கள். ராத்தா படலைக்கும் வரவில்லை.

பஸ் வந்தது. பெட்டியை மேலே ஏற்ற மாமா கொண்டக்டரோடு சண்டை பிடித்தார். வாப்பா கட்டிப்பிடித்து துஆச் செய்தார். எல்லாரிடமும் ஸலாம் சொல்லி முடித்த மச்சான், ஏறப் போனவர், திரும்பி என்னிடம் வந்து குனிந்தார். அவருடைய கண் கலங்கியிருந்தது.

"சின்ன மச்சான், ராத்தாக்கிட்டச் சொல்லு. முடிவ நான் மாத்தல்ல எண்டு சொல்லு. மறந்திராத."

தலையாட்டினேன். பஸ் போயிற்று.

வீட்டுக்கு வந்தபோது ராத்தா தறிக்கொட்டிலில் தனியே இருந்தா. தட்டியை யாரோ எடுத்துச் சுவரில் சாய்த்து வைத்திருந்தார்கள். என்னைக் கண்டதும் பக்கத்தில் இடம் காட்டினா.

"சொல்லு தம்பி. என்ன நடந்த?"

எத்தனை நாளைக்குப் பிறகு அந்த இடம் எனக்குக் கிடைத்தது! சம்மணம் கட்டி உட்கார்ந்தேன். தூரத்தில் பஸ் வெளிச்சம் தெரிந்ததிலிருந்து தொடங்கினேன். மாமா போட்ட சண்டையைக் கொண்டக்டர் குரலிலும் மாமா குரலிலும் மாறி மாறி நடித்தேன். வாப்பாவின் துஆவைச் சொன்னேன். பஸ் பாண்டிருப்புப் பக்கம் எறும்பளவு சிறிதாகிப் போனதைக் குரலைத் தாழ்த்திச் சொன்னேன். மச்சான் குனிந்த இடத்தை மட்டும் சொல்லவில்லை. மறக்கவில்லை. அந்த இடம் வந்ததும் என் வாய் அதைத் தாண்டிப் போனது. அவருடைய படத்துக்கு நான் ஏன் வாய் கொடுக்க வேண்டும்?

ராத்தா தறியைத் தொடாமல் கேட்டுக்கொண்டிருந்தா.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தா.

"இன்னொருக்காச் சொல்லு."

சொன்னேன். இந்த முறை கொண்டக்டருக்கு ஒரு கெட்ட வார்த்தையும் சேர்த்துக் கொடுத்தேன். அவ சிரிக்கவில்லை. மத்தியான லுஹர் தொழுகைக்கு முன்னால் மூன்றாம் முறையும் கேட்டா. அதையும் சொன்னேன், பஸ் மறையும் வரைக்கும், ஒன்றும் குறைக்காத மாதிரி.

என்னைப் போலப் படம் சொல்ல இந்த ஊரில் இன்னொருவன் இல்லை என்று அன்று முழுக்க நினைத்துக்கொண்டு திரிந்தேன்.