பதினோரு மணி நிழல்

ஆஸ்டின் டவுனில் ஸ்ரீகண்டனின் போனைப் பார்க்காமல் தப்பியவர்கள் குறைவு. பொதுப்பணித் துறையில் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். தை மாதம் மாடி அறைக்குக் கூரையாகவே சோலார் பலகைகளைப் போட்டார். அன்று முதல் பால்காரரைக்கூட நிறுத்திவைத்து, போனில் மின்சாரக் கணக்கைக் காட்டி, "நேத்து பதினாறு யூனிட்! நம்ம செலவு போக மிச்சம் ஊருக்குப் போறது" என்பார்.

பங்குனியில் அந்தப் பெருமைக்குக் கேடு வந்தது. தினமும் பதினோரு மணிக்கு போனில் மின்உற்பத்திக் கோடு சரிந்தது. மூன்று மணிக்குத்தான் எழுந்தது. முட்டிவலியால் மாடிப்பக்கமே போகாத மனிதர், நாற்காலியில் உட்கார்ந்தபடியே குற்றவாளியைக் கண்டுபிடித்துவிட்டார். பக்கத்து வீட்டு ஆஞ்சலாவின் முருங்கை மரம்! தெருவுக்கே காய் கொடுத்த மரம் அது. தினமும் சுவரோரம் நின்று, நிழலைப் பற்றி அவளுக்குப் பாடமே எடுத்தார். பத்தாம் நாள் தொல்லை தாங்காமல் அவள் ஆள் வைத்து வெட்டிவிட்டாள்.

மறுநாள் பதினோரு மணிக்குக் கோடு மறுபடி சரிந்தது.

முட்டியைப் பிடித்துக்கொண்டு படியேறினார். சோலார் கூரையின் தாழ்ந்த ஓரத்தில், பலகைகள் மேலேயே, அவருடைய பழைய வேட்டி விரிந்து கிடந்தது. அதன்மேல் வரிசை வரிசையாக ஜவ்வரிசி வடாம்.

"ஏன்னா, இதுல போட்டா ஒரே நாள்ல காஞ்சுடறது," என்றாள் மனைவி ராஜலக்ஷ்மி. "உங்க சோலாருக்கு எத்தனை உபயோகம் பாருங்கோ!"

அவளைத் திட்ட வாய் வரவில்லை. அந்த வடாமைத்தான் இத்தனை நாளும் கேட்டுக் கேட்டுச் சாப்பிட்டிருந்தார். ஒரே ஒரு தடவை ஏறிப் பார்த்திருந்தால் மரம் நின்றிருக்கும். வெட்கம் பிடுங்கித் தின்றது. வடாம் வேறு இடத்துக்குப் போனது. இரண்டு நாள் வெளியே தலைகாட்டாமல் இருந்துவிட்டு, உண்மையைச் சொல்லிவிடுவது என்று ஆஞ்சலா வீட்டுக்குப் போனார்.

"வாங்க சார்! இப்ப கரெண்டு நல்லா வருதா?"

"வரதும்மா."

"அப்பாடா! வெட்டினது வேஸ்ட்டாயிடுமோன்னு பேஜாரா இருந்துச்சு." உள்ளே போய், வெட்டிய மரத்தின் கடைசிக் காய்களைக் கட்டாகக் கொண்டுவந்து நீட்டினாள். "முருங்கை சும்மா இருக்காது சார், மறுபடி துளிர் விடும். நீங்க வந்து சொல்லணும்னு இல்ல. பார்த்ததும் நானே கிள்ளிடறேன்."

சொல்ல வந்ததை விழுங்கிவிட்டு, காய்க்கட்டை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார் இன்ஜினியர்.