கோட்டுக்கு வெளியே நிற்கத் தெரியாதவன்

ஃபுட்பாலில் நடுக்கள ஆட்டக்காரனுக்கு உட்கார நேரம் கிடையாது. கோச்சுக்கோ உட்காருவதுதான் பாதி உத்தியோகம். முதல் வேலையை முழங்கால் தேயும்வரை பார்த்துவிட்டு இரண்டாவது வேலைக்கு வந்தவன் நான். பாடம் நடத்திக்கொண்டிருந்துவிட்டு ஹெட்மாஸ்டர் ஆனவர்கள், பஸ் ஓட்டிக்கொண்டிருந்துவிட்டு டெப்போவில் மேற்பார்வை பார்ப்பவர்கள், மருமகள் சமைப்பதைப் பக்கத்தில் நின்று பார்க்கும் மாமியார்கள், உங்களுக்கெல்லாம் என் அவஸ்தை புரியும். உங்களுக்குக் கை துறுதுறுக்கும். எனக்குக் கால்.

கொடி

பல ஊர் கிளப்புகளுக்கு ஆடிவிட்டு ஹைதராபாதுக்கே திரும்பியபோது, தார்நாகாவில் ஒரு கிளப் என்னைக் கோச்சாக எடுத்துக்கொண்டது. லீகின் முதல் டிவிஷனில் நூலிழையில் தொங்கிக்கொண்டிருந்த அணி. ஒரு சீசன் ஒப்பந்தம். கீழ் டிவிஷனுக்கு இறங்காமல் காப்பாற்றினால் வேலை நீடிக்கும், இல்லாவிட்டால் வீட்டுக்குப் போகலாம் என்று முதல் நாளே சொல்லிவிட்டார்கள்.

முதல் மேட்ச் லாலாகுடாவில், ரயில்வே குவார்ட்டர்ஸை ஒட்டிய மைதானத்தில். கோச் நிற்பதற்கு பெஞ்சுக்கு முன்னால் சுண்ணாம்பால் ஒரு கட்டம் போட்டிருப்பார்கள். அதைத் தாண்டக்கூடாது. எனக்கு அது ஞாபகமே இல்லை. பந்து இடப்பக்கம் போனால் நானும் போனேன், வலப்பக்கம் வந்தால் நானும் வந்தேன். லைன்ஸ்மேன் ஓடுகிற பாதையும் அதுதான் என்பது அவர்மேல் மோதிய பிறகுதான் உறைத்தது. லாலாகுடாவிலேயே பிறந்து வளர்ந்த தமிழர் அவர். முழங்கையைத் தடவிக்கொண்டே சொன்னார்: "அண்ணே, கொடியை நீங்களே புடிங்க. நான் போய் உங்க பெஞ்சில உக்காந்துக்கறேன்."

கழுத்து

நடுக்களத்தில் ஆடுகிறவனுக்குச் சுற்றிலும் எதிரிகள். பந்து காலுக்கு வருவதற்கு முன்பே தோளுக்கு மேலாகத் திரும்பி, பின்னால் எவன் வருகிறான் என்று பார்த்துக்கொள்ள வேண்டும். பார்க்காதவன் காலை உடைத்துக்கொள்வான். நான் ரிட்டயரானேன், என் கழுத்து ஆகவில்லை. காய்கறிக் கடையில், மெட்ரோ ரயிலில், கோயில் வரிசையில், எங்கேயும் திரும்பிக்கொண்டே இருக்கும்.

என் மனைவி உஷா பாதுகாப்புத் துறை சம்பந்தப்பட்ட ஒரு மத்திய அரசு அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள். அவளோடு வேலை பார்ப்பவரின் மகள் கல்யாணத்துக்குப் போனபோது, மரியாதையாக முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். தாலி கட்டுவதற்குள் நான் எத்தனை தடவை திரும்பினேனோ, பின்வரிசையில் இருந்த பெண்கள் முகத்தைச் சுளித்துக்கொண்டு இடம் மாறினார்கள். பந்தியில் உஷா என் காதருகே குனிந்து பல்லைக் கடித்தாள்: "உங்க வீட்டுக்காரர் யாருக்குப் பயந்து ஒளிஞ்சிட்டிருக்கார்னு எங்க செக்யூரிட்டி ஆபீஸரே கேக்கறாருங்க. பந்து வருதான்னு பாக்கறார்னு சொல்லட்டுமா?"

செல்போன்

குகட்பள்ளியில் எங்கள் ஹவுசிங் போர்டு வீட்டில் ஒரு நாள் உஷாவின் புதுச் செல்போன் மேஜை விளிம்பிலிருந்து சரிந்தது. நான் யோசிக்கவே இல்லை. கால் தானாக நீண்டு, போனைப் பாதத்தில் பூப்போல வாங்கியது. அதோடு விட்டிருந்தால் வீட்டில் எனக்கு மரியாதை கூடியிருக்கும். கால் அதோடு விடவில்லை. வாசல் பக்கம் நின்றிருந்த மகளுக்கு அதைத் தள்ளியும் விட்டது. போன் சுவரில் மோதி விரிசல் விட்டது. நான் தமிழில் பேசினால் இங்கிலீஷில் பதில் சொல்கிற என் மகள் தலையில் கை வைத்துக்கொண்டாள்: "அப்பா, யூ சேவ்ட் இட். தென் வை டிட் யூ பாஸ் இட்?"

ஓர் ஆள் குறைகிறது

பயிற்சி ஆட்டத்தில் ஓர் ஆள் குறைந்தால் கோச் இறங்கி ஆடுவது எல்லா ஊரிலும் உண்டு. என் அணியில் தினமும் ஆள் குறைந்தது. குறையாத நாளில் நானே குறைத்தேன். யாருக்காவது கணுக்கால் லேசாக வலிக்கிறது என்றால் போதும், "நீ ரெஸ்ட் எடு" என்று அனுப்பிவிட்டு நடுக்களத்தில் நின்றுகொள்வேன். முழங்கால் ராத்திரியெல்லாம் விண்ணென்று தெறிக்கும். இருந்தாலும் அந்த ஒரு மணி நேரம்தான் எனக்கு மூச்சு விட முடிந்தது.

பயிற்சியில் அணி பிரமாதமாக ஆடியது. மேட்சில் தோற்றது. மறுபடி தோற்றது. எனக்குக் காரணம் புரியவில்லை. எங்கள் கேப்டன் அன்வருக்குப் புரிந்திருந்தது. என் இடத்தில் ஆட வேண்டியவன் அவன்தான். தமிழ்க் குடும்பங்களுக்கு நடுவில் வளர்ந்ததால் தமிழ் சரளமாகப் பேசுவான், 'வேண்டாம்' மட்டும் ஹைதராபாத் உருதுவில் 'நக்கோ' என்றுதான் வரும். ஒரு சாயங்காலம் நான் பூட்ஸ் மாட்டும்போது எதிரே வந்து நின்றான்: "நக்கோ கோச். பந்து கிடைச்சா எல்லாரும் உங்களைத்தான் தேடறாங்க. மேட்ச் அன்னிக்கு நாங்க யாருக்கு பாஸ் குடுக்கறது?"

லெதர் ஷூ

கிளப் செயலாளர் ராவ்காரு தார்நாகா ஆய்வுக்கூடம் ஒன்றிலிருந்து ஓய்வு பெற்ற விஞ்ஞானி. சென்னையில் படித்தவர், தமிழ் நன்றாக வரும். கடைசி மேட்சுக்கு முன்னால் என்னைக் கூப்பிட்டார். டிரா செய்தாலே போதும், அணி பிழைத்துவிடும். தோற்றால் கீழே. அணியையே கலைத்துவிடலாம் என்று கமிட்டியில் பேச்சு இருக்கிறதாம்.

வேலை போனால் இன்னொரு வேலை எனக்குத் தெரியாது. என்னோடு சேர்த்து அந்தப் பையன்களின் மைதானமும் போய்விடும் என்பதுதான் அதைவிட மோசம். நான் நாற்காலியில் உட்காராமல் அவர் அறைக்குள் குறுக்கும் நெடுக்குமாக நடந்துகொண்டிருந்தேன். அவர் என் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் சொன்னார்: "மாஸ்டர், மேட்சுக்கு ஆபீஸ் போறவங்க போடற லெதர் ஷூ போட்டுட்டு வாங்க. அப்பவாவது ஓடாம இருக்கீங்களா பாக்கலாம்."

ஒரு பாஸ்

போட்டுக்கொண்டுதான் போனேன். கறுப்பு ஷூ, பாலிஷ் வேறு. கட்டத்துக்குள்ளேயே நின்றேன். நகத்தைக் கடித்தேன், ரெஃபரியின் விசிலை முறைத்தேன், கூட இருந்தவர்களின் தண்ணீரையெல்லாம் குடித்தேன். ஆட்டம் முடிய இன்னும் கொஞ்ச நேரம்தான். இருவருக்கும் கோல் இல்லை. அப்போது எங்கள் பெஞ்சுக்கு நேர் எதிரே அன்வரிடம் பந்து வந்தது. எதிராளிகள் அவனை நெருக்கினார்கள். அவன் தலையைத் தூக்கினான், என்னைப் பார்த்தான், எனக்கே பாஸ் கொடுத்தான். பயிற்சியில் நான் பழக்கிய பழக்கம்! பந்து கோட்டைத் தாண்டும்வரை நான் சும்மா இருந்திருந்தால் எதிரணிக்கு ஒரு த்ரோ, அவ்வளவுதான். நான் ஒரு கால் உள்ளே வைத்து லெதர் ஷூவால் பந்தை நிறுத்தி, மைதானத்தின் அந்தப் பக்கம் தனியாக நின்ற எங்கள் ஆளுக்கு அனுப்பினேன். அந்த சீசனிலேயே எங்கள் அணி கொடுத்த மிக நல்ல பாஸ் அது. ரெஃபரி ஒரு கணம் வாயைப் பிளந்து நின்றுவிட்டுத்தான் விசில் ஊதினார். எதிரணிக்கு ஃப்ரீ கிக். எனக்குச் சிவப்பு அட்டை.

மைதானச் சுவருக்கு வெளியே அனுப்பிவிட்டார்கள். எதுவும் தெரியவில்லை, சத்தம் மட்டும்தான் கேட்டது. டீக்கடைக்கும் கேட்டுக்கும் நடுவே நடந்தேன், காலைக் கடித்த ஷூவோடு நடந்தேன். உள்ளே ஒரு பெரிய "ஓ" எழுந்தது. எல்லாம் போச்சு, என்னாலேயே போச்சு என்று சுவரில் தலையை முட்டிக்கொண்டேன். அப்புறம் நீண்ட விசில். கேட் திறந்து அன்வர் சேறும் சிரிப்புமாக ஓடி வந்தான். அந்த "ஓ" எதிரணி அடித்து எங்கள் கோல் கம்பத்தில் பட்டுத் திரும்பிய பந்துக்காம். அதன் பிறகு கடைசிவரை பந்து எங்கள் பையன்களிடமே இருந்ததாம். டிரா. நான் அவனைக் கட்டிக்கொண்டேன். நான் இல்லாமல் எப்படியடா சமாளித்தீர்கள் என்று கேட்டேன். கேட்டிருக்கக்கூடாது. "கோச், பந்து வந்ததும் லைன் பக்கம் பார்த்தேன், நீங்க இல்ல. அப்பத்தான் மத்த பசங்க கண்ணுக்குத் தெரிஞ்சாங்க."

ஆக, ஆடிய காலமெல்லாம் ஒரு தடவைகூட வாங்காத சிவப்பு அட்டையை லெதர் ஷூவில் வாங்கியதுதான் நான் அந்த அணிக்குக் கொடுத்த உருப்படியான ஒரே பயிற்சி, அதற்காகவே இன்னொரு சீசனுக்கும் என்னை வைத்துக்கொண்டிருக்கிறார்கள்.