பொன்னுரங்கம் மாமாவின் மந்திரிசபை

என் அக்காள் புருஷன் பொன்னுரங்கம் மாமா மந்திரியாக இருந்ததே இல்லை. மந்திரி ஒருவருக்கு உதவியாளராக இருந்தார், அவ்வளவுதான். கடலூருக்கு வடக்கே எல்லை தாண்டினால் வரும் யூனியன் பிரதேசத்தில், பாதியிலேயே கவிழ்ந்துபோன ஒரு மந்திரிசபை அது. மந்திரி மறுவாரமே கட்சி மாறிப் பிழைத்துக்கொண்டார். மாமாதான் அந்த மந்திரிசபையை அப்படியே மஞ்சக்குப்பம் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமைதோறும் ஹாலில் கூட்டம். அக்கா கொளஞ்சியம்மாள் நிதி, உணவு. மகள் இளவரசி சுகாதாரம். பக்கத்துத் தெருவில் எலெக்ட்ரிக் கடை வைத்திருக்கும் நான் இலாகா இல்லாத மந்திரி. பாத்ரூம் குழாய் ஒழுகினால்கூட உடனே ஆள் கூப்பிட மாட்டார். "எங்க கேபினெட்ல எதுக்கும் அவசரப்பட்டதில்ல மச்சான். ரெண்டு பேரு ரெண்டு விதமா பேசுனா உடனே ஒரு கமிட்டி போட்டுருவோம்," என்பார் பெருமையாக. கமிட்டி அறிக்கை தருவதற்குள் ஆட்சியே போய்விட்டதே என்று கேட்டால், நான் எதிர்க்கட்சியாம்.

இளவரசிக்குச் சிதம்பரத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி லேபில் வேலை கிடைத்தது. படிப்பை முடித்துவிட்டு வீட்டிலேயே கிடந்து அலுத்துப்போன பெண். "திங்கக்கெழம வந்து சேரச் சொல்றாங்கப்பா. இல்லன்னா வேற ஆள எடுத்துருவாங்க," என்றாள். அக்கா சரி என்றாள். மாமா, தினமும் பஸ்ஸில் போய்வருவது தோதுப்படாது என்றார். ஆக, இரண்டு கருத்து. போட்டார் கமிட்டி. நானே தலைவர், நானே உறுப்பினர். ஆஸ்பத்திரியை நேரில் பார்த்து அடுத்த ஞாயிறு அறிக்கை தர வேண்டுமாம். திங்கட்கிழமை சேர வேண்டிய வேலைக்கு அடுத்த ஞாயிறு அறிக்கை! எனக்கு வந்த ஆத்திரத்தில் செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

வியாழக்கிழமை கடைக்குச் சாமான் வாங்கச் சிதம்பரம் போனவன், வந்ததுதான் வந்தோம் என்று ஆஸ்பத்திரியிலும் எட்டிப் பார்த்தேன். லேபில் ஒரு பெரியவருக்கு ரத்தம் எடுத்துக்கொண்டிருந்தவள் இளவரசி!

"என்னா மாமா, கமிட்டியா?" என்று சிரித்தாள்.

"அடிப்பாவி! உங்கப்பாவுக்குத் தெரியுமா?"

"திங்கக்கெழமலேர்ந்து தெனம் அவரு எதிர்லதான் கெளம்பி வர்றேன். அம்மா சோறு கட்டிக் குடுக்குறாங்க. எங்க போறேன்னு அவரு ஒருநாள்கூட கேக்கல மாமா." சிரிப்பு நின்றுவிட்டது. "கேட்டா சொல்லிடணும்னுதான் இருக்கேன்."

அன்று சாயங்காலம் ஒரே பஸ்ஸில் இருவரும் கடலூர் திரும்பினோம். மாமா சோபாவில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"கமிட்டி அறிக்கை ரெடி மாமா," என்றேன்.

"ஞாயித்துக்கெழமதான மச்சான் கூட்டம்? அப்ப வை."

"வைக்கிறதுக்கு ஒண்ணும் இல்ல. இளவரசி நாலு நாளா அங்கதான் வேலை பாக்குது."

பேப்பர் மெல்ல இறங்கியது. அக்காவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். தனக்கு மட்டும்தான் தெரியவில்லை என்று புரிந்ததும் முகம் கறுத்துப்போனது. எனக்கே பாவமாகிவிட்டது. பேப்பரை மடித்து வைத்துவிட்டு, தரையைப் பார்த்தபடியே கேட்டார்.

"யூனிபார்மெல்லாம் குடுத்தாங்களாம்மா?"

அதைப் போட்டுக்கொண்டுதான் இளவரசி அவர் எதிரில் நின்றுகொண்டிருந்தாள்.