ஒரு முகவரி, இரண்டு பெட்டி

பிள்ளைகளா, இன்று காலை ஆபீசில் பழைய மெயில் சர்வரை நிறுத்தினோம். பக்கத்தில் போனாலே சூடேறிய தூசியும் பேட்டரியும் கலந்த ஒரு வாடை. அந்த வாடை வந்தால் எனக்கு மேலப்பாளையத்துப் போர்வைக் கடைதான் ஞாபகம் வரும்.

அந்த ஒரே சர்வரில்தான் எத்தனையோ கடைகளின் மெயில் இருந்தது. ஒரு கட்டடத்தில் பல பெயர்ப்பலகை மாட்டியதுபோல. எந்த முகவரிக்கு வரும் மடல் எந்தப் பெட்டிக்குப் போகவேண்டும் என்று வரிவரியாக எழுதுவது என் வேலை. இடப்பக்கம் வரும் முகவரி, வலப்பக்கம் போய்ச்சேரும் இடம். எழுதியது நடப்புக்கு வர ஒரு கட்டளையும் கொடுக்கவேண்டும். அதை மறந்துவிட்டு, சர்வரைத் திட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அம்மாவிடம் சொல்லாதீர்கள்.

போர்வைக் கடை காதர் பாயும் தம்பி சாகுலும் சண்டையில் பிரிந்தார்கள். ஆளுக்கொரு கடை, ஆளுக்கொரு முகவரி, பேச்சும் கிடையாது. குவைத்திலிருந்த அவர்கள் அக்காவோ, அவர்கள் பேச்சில் ராத்தா, பழைய கடை முகவரிக்கே எழுதுவார்.

"ராத்தாவுக்குத் தெரியக்கூடாது தம்பி. தெரிஞ்சா அங்கன அவுகளுக்குச் சோறு இறங்காது" என்றார் காதர் பாய்.

சாகுல் தனியே வந்தார். "அவரு மட்டும் படிக்கதுக்கா? எனக்கும் வரணும் வே."

வலப்பக்கம் இருவரையும் எழுதி, நடுவில் காற்புள்ளி வைத்தேன். யார் பதில் எழுதினாலும் பழைய முகவரியே தெரியும்படியும் செய்தேன். பெரிய கெட்டிக்காரன் என்று நினைப்பு! அக்கா மறுபடி எழுதும்போது, அதன் அடியில் அண்ணன் எழுதியதும் ஒட்டிக்கொண்டு தம்பிக்குப் போகும் என்பது எனக்குத் தோன்றவேயில்லை.

ஒருநாள் காதர் பாய் வந்தார். முகத்தில் கோபமா சிரிப்பா, தெரியவில்லை.

"நேத்து அவன் வந்து வாசல்ல நிக்கான். 'நாம சேர்ந்து சாப்ட்டோம்னு ராத்தாவுக்கு எழுதியிருக்கிய. அந்தச் சோத்தப் போடுங்க'ங்கான்."

"பொறவு?"

"போடாம? வீட்ல ஊத்திக்கிட புளியாணமும் தொட்டுக்கிட அப்பளமும்தான் இருந்திச்சு. நான் பிரியாணின்னு எழுதித் தொலைச்சிட்டேன். பிரியாணி எங்கனன்னு கேட்டுக்கிட்டே திங்கான் வே!"

கடைகள் சேரவில்லை. அதுமுதல் வெள்ளிக்கிழமைச் சாப்பாடு மட்டும் சேர்ந்தது.

இன்று சர்வரை நிறுத்தி அந்த வரியை அழிக்குமுன் பழைய முகவரிக்கு ஒரு சோதனை மடல் போட்டேன். "சாப்பிட்டாச்சா?" என்று மட்டும். இரண்டு கடையும் எப்போதோ மூடியாகிவிட்டது, பெட்டிகளும் இல்லை. பெறுவதற்கு ஆளில்லை என்று, காதர் பாய் பெயரில் ஒன்றும் சாகுல் பெயரில் ஒன்றுமாக, அது என்னிடமே திரும்பி வந்தது.